புல்தரைக்கு ஒரு கரை

வெள்ளம் வரப்போகிறது என்பது எங்களுக்கு வெகுநாள் முன்பே தெரியும். ஆஸ்திரேலியாவில் ஓடும் எங்கள் மரே ஆற்றின் குணம் அது. எங்கோ மேலே, வேறு மாநிலத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். இங்கே பொலார்ட்ஸ் லாண்டிங் என்ற எங்கள் சிற்றூரில் நாங்கள் பொட்டு மேகம் இல்லாத வானத்துக்குக் கீழே திராட்சைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்போம். ஆறு அவசரப்படாமல் வந்து சேரும். முதலில் படகுத்துறைப் பலகை மூழ்கும், பிறகு மீன் சுத்தம் செய்யும் மேஜை, பிறகு கழிப்பறைக்குப் போகும் பாதை. பெலிக்கன் பறவைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

அந்த நவம்பரில் ஒருநாள் காலை எங்கள் தெரு ஸ்டமாத்தா பள்ளிப் பேருந்தைக் கிளப்பப் போனவள், தன் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் முளைக்குச்சிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் இளஞ்சிவப்பு நாடா. அவசர அவசரமாக எழுப்பப்போகும் வெள்ளக் கரைக்கான கோடு அது. கோடு எங்கள் கீழ்த்தெருவுக்கு மேட்டுப் பக்கமாகப் போனது. அதாவது, எங்கள் வீடுகள் ஆற்றின் பக்கம் நின்றன.

அவள் என் கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

"வெளிய வந்து பாரு. நம்மள ஆத்துக்குக் குடுத்துட்டாங்க."

நான் இரவு உடையோடு போய்ப் பார்த்தேன். நாடாக்கள் காற்றில் அழகாக ஆடிக்கொண்டிருந்தன.

ஸ்டமாத்தாவின் பெற்றோர் கிரேக்கத்திலிருந்து வந்து இந்தச் சிவப்பு மண்ணில் ஆப்ரிகாட் மரம் வைத்தவர்கள். ஓர்ம்ஸ்பி வைனரி என்ற ஒயின் ஆலைக்காரர்கள் வீடு வீடாக வந்து, இனி ஒயின்தான் எதிர்காலம், மரத்தைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை நடுங்கள், ஒரு பழம் விடாமல் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் அப்பா தன் கையால் நட்ட மரங்களைத் தன் கையாலேயே பிடுங்கினார். பிற்பாடு, உங்கள் ஷிராஸ் திராட்சை இந்த வருடம் வேண்டாம் என்று அதே வைனரி சொன்னது. கொடியிலேயே பழம் புளித்து, ஊரெல்லாம் காடி வாசம் அடித்தது. அந்த வாசத்தை அவள் மறக்கவே இல்லை. நிலம் கைமாறிப் போனது. அவள் பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். வைனரியில் திராட்சை பிழியும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்ட கிளைவ் என்ற சாதுவான மனிதனைக் கட்டிக்கொண்டு கீழ்த்தெருவில் குடியேறினாள். கிளைவ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேதான் இருந்தாள். ஊர் அவளை மேட்டி என்று கூப்பிட்டது. கிரேக்கப் பெயரை முழுசாகச் சொல்ல இங்கே யாருக்குப் பொறுமை?

அவள் கோபம் ஊரறிந்தது. ஒருமுறை பேருந்தில் பஞ்சாபிப் பெண் ஒருத்தியின் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னவோ சொல்லிவிட்டான். மேட்டி அங்கேயே பேருந்தைத் திருப்பினாள். அந்தப் பையனுடைய அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டருக்கு எதிரே மூக்கோடு மூக்காகப் பேருந்தை நிறுத்தி, "இப்ப உங்கப்பா முன்னாடி சொல்லு, அப்ப சொன்னதை," என்றாள். பையன் அழுதான். அன்று பள்ளிக்கூடம் முழுக்கத் தாமதம். பள்ளி முதல்வர் அவளிடம் விளக்கம் கேட்டார். "டப்பாவுல பருப்பும் ரொட்டியும் இருந்திச்சு. அதான் விளக்கம்," என்றாளாம்.

முளைக்குச்சி முளைத்த அன்று மாலையே ஊர்மன்றத்தில் கூட்டம். எங்கள் கவுன்சில் தலைவர் ட்ரெவர் ஸ்கின்னர் மேடையில் இருந்தார். பக்கத்தில் அடிலெய்டிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் ஹானா, சேறு அப்பிய பூட்ஸோடு. முன்வரிசையில் வைனரி முதலாளி டங்கன் ஓர்ம்ஸ்பி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

"நண்பர்களே, இது யாருக்கும் சந்தோஷமான முடிவு இல்ல," என்று ட்ரெவர் ஆரம்பித்தார். "களிமண் குறைவு. நேரமும் குறைவு. ஊரோட முக்கியமான சொத்துகளக் காப்பாத்துறதுதான் நம்ம முதல் கடமை."

"நாங்க முக்கியமில்லாத சொத்தா?" மேட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"அப்படி யாரும் சொல்லல, மேட்டி. வைனரி முழுகிட்டா ஊருக்கே வேலை போயிடும். உங்கள்ல பாதிப் பேர் அங்கதானே வேலை பாக்குறீங்க?"

நான் அங்கேதான், புட்டியில் அடைக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். ஆனால் பிழியும் கூடமும் தொட்டிகளும் மேட்டில் இருக்கின்றன. அங்கே ஆறு எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. அது அந்த மன்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மேட்டி எழுந்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு, ட்ரெவர். நான் இன்னிக்கு அந்தக் கோட்டைக் கடைசி வரைக்கும் நடந்து பாத்தேன். எங்க தெரு வரைக்கும் மேட்டை ஒட்டியே போகுது. எங்களத் தாண்டினதும் ஆத்துப் பக்கமா வயிறு தள்ளிட்டு நிக்குதே, அது ஏன்? அந்த வயித்துக்குள்ள என்ன இருக்கு?"

ட்ரெவர் தண்ணீர் குடித்தார்.

"அங்க இருக்கறது புல்லு!" என்றாள் மேட்டி. "ஒயின் ருசி பாக்குற கூடத்துக்கு முன்னாடி இருக்கற புல்தரை. கல்யாணம் நடத்தறதுக்கு வெள்ளைக் கூடாரம் போடுவாங்களே, அந்தப் புல்லு. புல்லுக்குக் கரை கட்டக் களிமண் இருக்கு, கோரல் ஆன்ட்டி வீட்டுக்கு இல்லை?"

டங்கன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஜனவரியில அங்க மூணு கல்யாணம் புக் ஆகியிருக்கு, மேட்டி. வெளியூர்லேர்ந்து கூட்டம் வரும். பேக்கரி, பப், பெட்ரோல் பங்க் எல்லாருக்கும் அதுல பங்கு உண்டு. உணர்ச்சிவசப்படாம யோசிச்சுப் பாருங்க."

கோரல் ஆன்ட்டி எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருப்பவர். இந்த ஆறு யாருடையதோ அந்த ஆதிக்குடியைச் சேர்ந்தவர். வயதுக்கும் வாய்க்கும் பயந்து ஊரே அவரை ஆன்ட்டி என்றுதான் அழைக்கும். அவர் தன் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "இந்தக் கரைலேர்ந்து எங்க ஆளுங்களத்தான் முதல்ல துரத்தினாங்க. இப்ப உங்க முறை வந்திருக்கு. வாங்க, வந்து எனக்குப் பின்னாடி வரிசையில நில்லுங்க."

சிலர் சிரித்தார்கள். மேட்டி சிரிக்கவில்லை. ஹானாவைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. இதை வரைஞ்சது நீதானா?"

ஹானா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் முதல்ல வரைஞ்சது நேர்க்கோடு," என்றாள் மெதுவாக. "உங்க தெருவ உள்ள கொண்டு வர்றது கஷ்டம். அங்க மண்ணு இளக்கம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வளைவு நான் கேட்டது இல்ல."

ட்ரெவர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மண் லாரிகள் வந்தன. ஆற்றங்கரைச் சாலை ஒரு லாரி போகும் அகலம்தான். ஒரு பக்கம் யூக்கலிப்டஸ் மரங்கள், இன்னொரு பக்கம் செங்குத்தான மேடு. சாலை குறுகும் இடத்தில், குறுக்காக, மஞ்சள் பேருந்து நின்றது. மேட்டி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். பேருந்தின் பின்னால் நாங்கள் கீழ்த்தெருக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

முதல் லாரியை ஓட்டி வந்தவன் நெவில். நாற்பதைத் தொடப்போகிறவன், அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவளே மேட்டிதான். அவன் இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"மேட்டி, வண்டிய எடுங்க. எனக்கு வேலை இருக்கு."

"எனக்கும் வேலை இருக்கு. உன்னை நிறுத்தறதுதான் என் வேலை."

"நான் என்ன பண்ணினேன்? மண்ணைக் கொட்டச் சொன்னாங்க, கொட்டறேன்."

"எங்க கொட்டச் சொன்னாங்க?"

நெவில் தலையைச் சொறிந்தான். "வைனரி புல்தரைக்கு முன்னாடி."

"ஊர்ல எத்தனையோ வீடு இருக்க, முதல் லோடு புல்லுக்கு. கேக்கவே உனக்கு வெக்கமா இல்லை? உங்கம்மாவோட தங்கச்சி வீடு எங்க தெருவுலதானே இருக்கு?"

"இருக்கு," என்றான். "அவங்க நேத்து ராத்திரிலேர்ந்து எங்கிட்டப் பேச மாட்டேங்கறாங்க."

அவன் போய் லாரியின் இன்ஜினை அணைத்தான். பின்னால் வந்த லாரிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஓட்டுநர்கள் இறங்கி மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டமாத்தா என்றால் கிரேக்கத்தில் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாய்ப் போனதால் அவள் அப்பா கடவுளுக்கு வைத்த கோரிக்கை அது. அதை அவளே அன்றைக்கு அவர்களிடம் சொல்ல, அந்தப் பக்கமிருந்து பெருஞ்சிரிப்பு எழுந்தது.

போலீஸ்காரர் டீன் வந்தார். கூடவே ட்ரெவரும், முகம் பீட்ரூட் நிறத்தில்.

"இந்த லாரிங்க கவுன்சில் ஒப்பந்த வண்டிங்க!" என்று ட்ரெவர் கத்தினார். "வெள்ள வேலையத் தடுக்கற நீ. ஆளுங்க செத்தா நீதான் பொறுப்பு!"

மேட்டி கீழே இறங்கினாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. "ட்ரெவர், எங்க தெருவுல ஆளுங்க இல்லைன்னு நீதானே கோடு போட்டுச் சொல்லியிருக்க? செத்தா கணக்குல வர மாட்டோமே. எங்களுக்காகக் கோட்டை மாத்துன்னுகூட நான் கேக்கல. அந்தப் பொண்ணு மண்ணு இளக்கம்னு சொல்லிச்சு, ஒத்துக்கறேன். புல்லுக்குன்னு வெச்சிருக்கற மண்ணை எங்களுக்குக் குடு. நாங்களே கட்டிக்கறோம். நின்னா நிக்கும், போனா போகும். ஆனா ஒரு கல்யாணக் கூடாரத்துக்காக எங்கள முழுகடிச்சோமேன்னு நாளைக்குக் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்து நீ கூச வேண்டாம்."

டீன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ட்ரெவர், என்னால இவங்களக் கைது பண்ண முடியும். அப்புறம் இந்த வண்டிய யார் எடுக்கறது? பஸ் ஓட்ட லைசென்ஸ் எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கா?"

அதற்குள் ஹானா வந்துவிட்டாள். புல்தரை வளைவை விட்டுவிட்டு நேராகப் போனால் எவ்வளவு மண் மிச்சமாகும் என்று ட்ரெவர் காதில் சொன்னாள். அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் யாரிடமோ பேசினார். யாரிடம் என்று எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "சரி," என்றார். அந்த 'சரி' எங்களுக்குக் கிடைத்ததற்கு ஒரு வெட்கக்கேடான காரணம் இருந்தது: லாரிகள் நிற்பதை யாரோ படம் எடுத்துப் போட்டு, அடிலெய்டு டிவிக்காரர்கள் கிளம்பி வருவதாகச் செய்தி வந்துவிட்டது. நியாயத்துக்காக அல்ல, கேமராவுக்காக.

அதன் பிறகு நாங்கள் செய்ததை வேலை என்று சொன்னால் போதாது. நெவில் தன் லோடுகளை எங்கள் தெருவில் கொட்டினான். தோட்டக்காரர்கள் டிராக்டரோடு வந்தார்கள். அந்தப் பஞ்சாபிக் குடும்பம் ஒரு குட்டி புல்டோசரையே கொண்டுவந்து, மதியத்துக்குப் பெரிய பாத்திரத்தில் பருப்பும் சோறும் போட்டது. மேட்டி மணல் மூட்டை கட்டினாள், மற்றவர்கள் கட்டியதைக் குறை சொன்னாள், மூட்டையைத் தலைகீழாக வைத்த வங்கி மேலாளரைத் திட்டினாள். எங்கள் கரை ஊர்க் கரையைவிட இடுப்பளவு தாழ்வு. கோணல் மாணலாக இருந்தது. ஹானா வேலை நேரம் முடிந்து வந்து, எங்கே அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆறு உச்சத்துக்கு வந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சுட்டெரிக்கும் வெயில், அசைவில்லாத பழுப்புத் தண்ணீர், கரைக்கு மறுபக்கம் நம் நெஞ்சு உயரத்தில். புல்தரை மூழ்கியது, நட்டுவைத்த ரோஜாக்களின் தலை மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. எங்கள் கரை நின்றது. ஒரு பிற்பகலில் தெருக்கோடியில், பழைய மரவேர் இருந்த இடத்தில், தண்ணீர் கசிய ஆரம்பித்தது. மூட்டை மேல் மூட்டையாகப் போட்டோம். பலனில்லை. மண் சத்தமில்லாமல் வழுக்கி உட்கார்ந்தது.

நல்லவேளை, நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கரையும் போட்டிருந்தோம். அதனால் போனது தெருக்கோடி வீடுகள் மட்டும். கோரல் ஆன்ட்டி வீடு. அதற்கு முந்திய மேட்டியின் வீடு. ஆன்ட்டி ஏற்கெனவே மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மேட்டி கரைமேல் நின்று, தன் சமையலறை ஜன்னல் வழியே தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். உதறிவிட்டாள்.

"அந்தப் புல்லுக்குக் கோடு போட்டு வீணாக்கினானுங்களே ஒரு வாரம், அந்த ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா..." என்றாள். 

தண்ணீர் வடிய வெகுகாலம் ஆனது. பள்ளி திறந்தபோது பேருந்துக் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. வண்டியைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் புகாராம். அவள் இனி வர வேண்டியதில்லை. புகார் கொடுத்தது யார் என்று சொல்ல மாட்டார்களாம். பிள்ளைகளின் பெற்றோர்கள் திரண்டு போய்க் கேட்டார்கள். காப்பீட்டு விஷயம், கைமீறிவிட்டது என்று பதில். ஒரு பிள்ளைமேல்கூட இத்தனை வருடத்தில் கீறல் படவிடாதவள். வீடும் போய், வண்டியும் போய், அக்கா வீட்டு வெளி அறையில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் தன் வீட்டுச் சுவரிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இதோடு விட்டிருந்தால்கூட ஊர் மெல்ல மறந்திருக்கும். அவர்கள் விடவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள், என் கண்ணெதிரே எந்திரத்தில் புட்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. புது லேபிள். 'வெள்ளக் கரை ஷிராஸ்' என்று பெயர். லேபிளில் ஒரு படம்: மணல் மூட்டையைத் தோளில் சுமந்து, முகமெல்லாம் சேறாக, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண். மேட்டி. பின்பக்கத்தில் எழுதியிருந்தார்கள், ஒரு சின்ன ஊரும் ஒரு ஒயின் குடும்பமும் தோளோடு தோள் நின்று ஆற்றை வென்ற கதை என்று.

நான் எந்திரத்தை நிறுத்தினேன். ஒரு புட்டியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நேராக அவளிடம் போனேன்.

அவள் சேறு சுரண்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டு, புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தோளோடு தோளா?" என்றாள். "யார் தோளு? டங்கன் அந்த மாசம் பாலித் தீவுல இருந்தான்!"

சனிக்கிழமை அவள் நல்ல உடை உடுத்திக்கொண்டு ருசி பார்க்கும் கூடத்துக்குப் போனாள். அங்கே அவள் முகம் ஆளுயரப் படமாக மாட்டியிருந்தது. ஒரு கிளாஸ் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, அந்தப் படத்துக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வெளியூர்க்காரர்கள் வந்து படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அட, இது நீங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"நானேதான். உக்காருங்க, கதையச் சொல்றேன். அதோ தெரியுதே புல்லு, அதுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவள் சொன்னாள். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல். கேட்டவர்கள் கையிலிருந்த புட்டியை மெல்லத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை கோரல் ஆன்ட்டியும் கூட வந்தார், கைத்தடியோடு. சொல்லும்போது மேட்டி எதையாவது விட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு.

டங்கன் ஒருநாள் அவளைத் தனியாக அழைத்தார். நான் பெட்டிகளை இறக்கிவைக்கும் சாக்கில் கதவருகே நின்றேன்.

"மேட்டி, இது உங்களக் கௌரவப்படுத்தத்தான். உங்களுக்குப் பத்துப் பெட்டி அனுப்பச் சொல்றேன். நல்ல ஒயின்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருக்கணும். தப்புதான். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சோம்."

"என் வீடு முழுகின முகம் அது," என்றாள் மேட்டி. "அந்தப் படம் எடுத்து ஒரு மணி நேரத்துல என் வீட்டுக்குள்ள தண்ணி போச்சு. அதைக் காட்டி நீ சாராயம் விக்கறே. நான் சந்தோஷப்படணுமா? எடுத்துடு. இல்லைன்னா உனக்கு வயசாகிற வரைக்கும் நான் இங்க வந்து உக்காருவேன். என் அப்பாவோட ஷிராஸைக் கொடியிலயே அழுக விட்டீங்க. என்னைப் புட்டியில ஒட்ட நான் விட மாட்டேன்."

டங்கன் டீனை வரவழைத்தார். டீன் வந்து பார்த்து, "காசு குடுத்துதானே குடிக்கறாங்க? வாடிக்கையாளரை நான் என்னன்னு வெளிய அனுப்பறது?" என்று கேட்டுவிட்டு, தனக்கும் ஒரு எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆண்டு முடிவதற்குள் லேபிளை மாற்றினார்கள். நானே நின்று பழைய லேபிள்களைக் கிழித்தேன். அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கூடத்தில் நான் எந்த வேலையும் செய்ததில்லை. புட்டியில் இப்போது ஒரு பெலிக்கன் இருக்கிறது. அதனிடம் கேட்டு அனுமதி வாங்கினார்களா என்று கோரல் ஆன்ட்டி விசாரித்தார்.

பேருந்து வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ட்ரெவர் மறுபடி தலைவரானார். பேரிடர் நேரத்தில் திறமையாகச் செயல்பட்டதற்காக ஒரு விருதும் வாங்கினார். மேட்டி இப்போது ஆரஞ்சு பொறுக்கிப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் நிற்கிறாள். வீட்டுக்குச் சுவர் வைத்தாயிற்று. தரை இன்னும் பாக்கி. நெவிலும் அவன் சித்தியும் வாரக் கடைசியில் வந்து பலகை அடித்துக் கொடுக்கிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுத் தரைப்பலகைமேல் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றோம். இன்னும் கோபம் தீரவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்குத் தீரணும்?" என்றாள், முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே. "தீர்ந்துட்டா அவங்களுக்குல்ல வசதி."

பிறகு, நெவில் அடித்த பலகைகளில் ஒன்று சரியில்லை, ஆடுகிறது என்று சொல்லி, சாப்பிட்ட கையோடு எழுந்து போய் அதைக் காலால் மிதித்துப் பார்த்தாள். ஆடத்தான் செய்தது. அவனுக்கு ஃபோன் போட்டுத் திட்ட ஆரம்பித்தாள்.